சேதராப்பட்டுக்கு 377 வந்த தேதி

சேதராப்பட்டு தொழிற்பேட்டையைத் தாண்டி மயிலம் சாலையில் கொஞ்ச தூரம் போனால் விழுப்புரம் மாவட்டம் வந்துவிடும். எல்லையைக் காட்ட மலையும் கிடையாது, ஆறும் கிடையாது. வரப்புக்கு இந்தப் பக்கம் புதுச்சேரி, அந்தப் பக்கம் தமிழ்நாடு. இன்று அந்த வித்தியாசம் பெட்ரோல் விலையிலும் சாராயக் கடையிலும்தான் தெரிகிறது. நம் தாத்தா பாட்டி காலத்தில் அதே வரப்பு இரண்டு தண்டனைச் சட்டங்களைப் பிரித்து வைத்திருந்தது. அந்தப் பக்கம் வெள்ளைக்காரன் எழுதிய இந்திய தண்டனைச் சட்டம். இந்தப் பக்கம் பிரெஞ்சுக்காரன் எழுதிய தண்டனைச் சட்டம். இதனால், வயதுக்கு வந்த இருவர் மனமொத்துத் தனியறையில் செய்யும் ஒரே செயலுக்கு, வரப்பின் அந்தப் பக்கம் ஆயுள் தண்டனை வரை கொடுக்கலாம். இந்தப் பக்கம் அதைக் குற்றமாகவே எழுதி வைக்கவில்லை.

இந்த நிலை 1963 செப்டம்பர் 30 வரை நீடித்தது. மறுநாள், அக்டோபர் 1-ம் தேதி, ஒழுங்குமுறைச் சட்டம் ஒன்றின் மூலம் இந்திய தண்டனைச் சட்டம் புதுச்சேரிக்கு விரிவுபடுத்தப்பட்டது. அந்தப் புத்தகத்துக்குள் 377-வது பிரிவும் இருந்தது. "இயற்கையின் ஒழுங்குக்கு மாறான" உடலுறவு கொள்பவருக்கு ஆயுள் தண்டனை, அல்லது பத்து ஆண்டு வரை சிறை என்று சொன்ன பிரிவு அது. ஒருவரை வற்புறுத்திச் செய்தாலும், இருவர் விரும்பிச் செய்தாலும் அதற்கு ஒன்றுதான்.

வில்லியனூர் கொம்யூன் மக்களுக்குக் கீழூர் தெரியாமல் இருக்காது. 1954 அக்டோபர் 18 அன்று அங்கேதான் 178 மக்கள் பிரதிநிதிகள் கூடி வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவோடு இணைவதற்கு, 8 பேர் எதிர்த்து. நவம்பர் 1-ல் நிர்வாகம் கைமாறியது; 1962 ஆகஸ்ட் 16-ல் சட்டப்படியான இணைப்பும் முடிந்தது. அதற்குப் பிறகு, ஒரு கட்டுச் சட்டங்கள் மொத்தமாக வந்து இறங்கின. அந்தக் கட்டில் 377 என்ன செய்கிறது என்று பிரித்துப் பார்க்க அன்றைக்கு யாருக்கும் நேரமிருந்திருக்காது.

இதில் ஒரு வேடிக்கை. 377-ன் மூதாதை 1533-ல் இங்கிலாந்தில் எட்டாம் ஹென்றி மன்னன் காலத்தில் வந்த சட்டம். அதை மெக்காலே தலைமையிலான சட்ட ஆணையம் தன் பாணியில் வரைவாக எழுதியது; 1860-ல் சட்டமாகி, 1862 ஜனவரி 1 முதல் பிரிட்டிஷ் இந்தியாவில் அமலானது. சொந்த ஊரான இங்கிலாந்திலேயே இதைக் கைவிட வேண்டும் என்று 1957-ல் அரசுக் குழு ஒன்று பரிந்துரைத்தது, 1967-ல் கைவிட்டார்கள். ஆக, செய்தவனே தூக்கிப் போடப் போகிற பழைய சாமானை, அதற்கு நாலு வருஷம் முன்னால் நம் வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்தோம்.

"ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் என்பதெல்லாம் நம் பண்பாட்டில் இல்லை, அதனால்தான் சட்டத்திலும் குற்றமாக வைத்தார்கள்" என்று டீக்கடையில் யாராவது சொன்னால், மாணவர்கள் இந்தத் தேதிகளைச் சொல்லலாம். நம் ஊரில் அந்தச் சட்டம் அமலில் இருந்தது மொத்தம் அறுபத்தொரு ஆண்டு. கூத்தாண்டவர் கோயில்களும் கூவாகத்துச் சித்திரைத் திருவிழாவும் அதற்கு எவ்வளவோ முந்தியவை.

இதை எழுதுவதால் பிரெஞ்சு ஆட்சியை நாம் தூக்கிப் பிடிப்பதாக யாரும் நினைக்க வேண்டாம். 1819-ல் இங்கே அமலுக்கு வந்த அந்தப் பிரெஞ்சு தண்டனைச் சட்டம், மனைவி இன்னொருவரோடு போனால் மூன்று மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறை என்றது. கணவன் அதையே செய்தால், அதுவும் குடும்பம் நடத்தும் வீட்டுக்குள்ளேயே இன்னொரு பெண்ணைக் கொண்டுவந்து வைத்தால் மட்டும், அபராதம். சாதியையும் அவர்கள் தொடவில்லை. 1819-லேயே இந்துக்களின் வழக்கங்களை அப்படியே விட்டுவிடுவதாக எழுதிக்கொண்டார்கள். 1881-ல் ஓர் ஆணை வந்து, தம் வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்துக்குள் போக வழி திறந்தபோது, நம் மக்கள் பலர் அந்த வழியில் போனார்கள். சட்டத்தை மாற்றிக்கொண்டால் சாதியிலிருந்து கொஞ்சமாவது தப்பிக்கலாம் என்ற கணக்கு. அது பெரிய கதை, இன்னொரு நாள் பேசலாம்.

377-க்கு வருவோம். நூற்றைம்பது ஆண்டுகளில் இந்தப் பிரிவில் வழக்கு நடத்தப்பட்டவர்கள் இருநூறு பேர்கூட இல்லை என்று 2013-ல் உச்ச நீதிமன்றம் கணக்குச் சொன்னது. கணக்கு சரியாகவே இருக்கட்டும். ஆனால் ஒரு சட்டம் வேலை செய்யும் இடம் நீதிமன்றம் மட்டும் என்று நினைப்பவர், இரவு நேரத்தில் காவல் நிலையப் பக்கம் போகாதவராகத்தான் இருக்க வேண்டும். 1884-ல் அலகாபாத் நீதிமன்றத்துக்கு வந்த வழக்கு ஒன்று உண்டு. பெண் உடை உடுத்திப் பாடிக்கொண்டிருந்த ஒருவரைப் போலீஸ் பிடித்தது. மருத்துவப் பரிசோதனை என்ற பெயரில் உடலைச் சோதித்தார்கள். யாரோடு, எப்போது, எங்கே என்று எதுவும் இல்லாமலே கீழ் நீதிமன்றம் தண்டித்தது. மேல்முறையீட்டில்தான் விடுதலை. 2006-ல் சென்னையில், திருட்டுச் சந்தேகத்தில் காவல் நிலையத்துக்கு அழைக்கப்பட்ட திருநங்கை ஒருவர், அங்கே நடந்த பாலியல் சித்திரவதை தாங்காமல் தீக்குளித்து இறந்தார். சென்னை உயர் நீதிமன்றம் அடுத்த ஆண்டு இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. திருநர் உரிமைக்கான 2014 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் இந்த இரண்டு வழக்கையுமே எடுத்துச் சொல்கிறது.

வழக்குப் பதிவாகாமலே மிரட்டலாம், காசு பிடுங்கலாம், அடிக்கலாம். இதைத் தலித் வாசகருக்கு விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

ஆனாலும் ஒரு கேள்வி வரும் என்று தெரியும்: தலித் மக்களுக்கான இந்தப் பத்தியில் இந்த விஷயம் எதற்கு? நமக்கு நிலம், சம்பளம், சுடுகாட்டுப் பாதை என்று ஆயிரம் இருக்கிறதே?

முதல் பதில், அம்பேத்கர். 1934-ல் பம்பாயில் ரகுநாத் தோண்டோ கார்வே என்பவர் மீது ஆபாச வழக்கு நடந்தது. அவர் நடத்திய 'சமாஜ் ஸ்வாஸ்த்ய' இதழில் வாசகர்கள் தம் உடலைப் பற்றியும் பாலுறவு பற்றியும் கேள்வி கேட்பார்கள். அவர் ஒளிக்காமல் பதில் எழுதுவார். தன்பாலுறவு பற்றிய கேள்விகளும் அதில் உண்டு. அவருக்காக நீதிமன்றத்தில் வாதாடியவர் வழக்கறிஞர் அம்பேத்கர். பாலியல் பற்றி எழுதுவதெல்லாம் ஆபாசம் ஆகிவிடாது, அறிவோடு பதில் சொல்வது குற்றமல்ல என்பது அவருடைய வாதம். வழக்கில் தோல்வி, கார்வேக்கு அபராதம் விழுந்தது. வட்டமேசை மாநாடுகளும் பூனா ஒப்பந்தமும் முடிந்து, நாடு முழுவதும் தெரிந்த தலைவராக இருந்த நேரம் அது. "இதைத் தொட்டால் நம் பெயர் கெடும்" என்று அவர் ஒதுங்கவில்லை. நம் ஊர்களில் நீலச் சட்டைச் சிலையாக நிற்கும் அம்பேத்கரின் இந்தப் பக்கத்தை நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்லித் தந்ததே இல்லை.

இரண்டாவது, அவர் கொடுத்த ஒரு சொல். 1948 நவம்பர் 4-ம் தேதி, அரசமைப்பு வரைவை அவையில் வைத்துப் பேசும்போது 'அரசமைப்பு அறம்' என்பதை அம்பேத்கர் விளக்கினார். அது மனிதனுக்குத் தானாக வருவதல்ல, பயிர் வளர்ப்பதுபோல வளர்க்க வேண்டியது. நம் மக்கள் அதை இன்னும் கற்றுக்கொள்ளவில்லை. இந்த மண் அடிப்படையில் சனநாயகமற்றது, மேலே தூவிய எருதான் சனநாயகம் என்ற பொருளில் பேசினார். அன்று அவர் 377-ஐ மனதில் வைத்துப் பேசவில்லை. நிர்வாக விவரங்களை எல்லாம் அரசமைப்புக்குள் ஏன் எழுதினோம் என்பதற்கு விளக்கம் சொன்னார். அறுபது ஆண்டு கழித்து, 2009 ஜூலை 2-ல், நாஸ் அறக்கட்டளை தொடுத்த வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றத்தின் ஏ.பி.ஷா, எஸ்.முரளிதர் அமர்வு அந்தச் சொல்லைக் கையில் எடுத்தது. ஊரில் பெரும்பான்மை முகம் சுளிக்கிறது என்பதற்காக ஒருவருடைய அடிப்படை உரிமையைப் பறிக்க முடியாது; பார்க்க வேண்டியது ஊர் அறமா, அரசமைப்பு அறமா என்றால் இரண்டாவதைத்தான் என்று தீர்ப்பளித்தது.

ஊர் அறம் என்றால் என்ன என்று நமக்கு நன்றாகத் தெரியும். ஊரைக் கேட்டுத்தான் உரிமை என்றால் தேர் நம் தெருவுக்குள் வராது. ஊரைக் கேட்டுத்தான் கல்யாணம் என்றால் சாதி தாண்டிய ஒரு கல்யாணமும் நடக்காது. பெரும்பான்மையின் அருவருப்பு சட்டமாக இருக்கக் கூடாது என்பதை நம்மைவிட அதிக விலை கொடுத்துத் தெரிந்துகொண்டவர்கள் யார்?

அந்தத் தீர்ப்பு நான்கரை ஆண்டுதான் நின்றது. 2013 டிசம்பர் 11-ல் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அதைப் புரட்டினார்கள். பாதிக்கப்படுவோர் மக்கள்தொகையில் மிக மிகச் சிறிய பகுதியினர் என்பதும் அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. தலை எண்ணிப் பார்த்து உரிமை கொடுப்பதாக இருந்தால் அடிப்படை உரிமை என்ற அத்தியாயமே அரசமைப்பில் வேண்டியதில்லை, தேர்தல் போதும். சேதராப்பட்டு அடங்கிய ஊசுடு ஏன் தனித்தொகுதியாக இருக்கிறது என்று யோசித்தாலே இது விளங்கும்.

பிறகு காற்று மெல்லத் திரும்பியது. 2014 ஏப்ரல் 15-ல் திருநர்களை மூன்றாம் பாலினமாகவும், தம் பாலினத்தைத் தாமே சொல்லும் உரிமை உள்ளவர்களாகவும் ஏற்ற தீர்ப்பு. 2017 ஆகஸ்ட் 24-ல் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்ற ஒன்பது நீதிபதிகளின் தீர்ப்பு. கடைசியாக 2018 செப்டம்பர் 6. நவ்தேஜ் சிங் ஜோஹர் வழக்கில் ஐந்து நீதிபதிகள் ஒருமனதாக, வயதுவந்தோர் மனமொத்துத் தனிமையில் கொள்ளும் உறவை 377 தண்டிக்க முடியாது என்றார்கள். இவர்களுக்கும் இவர்கள் குடும்பங்களுக்கும் வரலாறு மன்னிப்புக் கேட்கக் கடமைப்பட்டிருக்கிறது என்ற கருத்தை நீதிபதி இந்து மல்ஹோத்ரா தம் தீர்ப்பில் எழுதினார். அரசமைப்பு அறம் பற்றிய அம்பேத்கரின் சிந்தனை இந்தத் தீர்ப்பு முழுக்க ஓடுகிறது. இருபத்தொரு நாள் கழித்து, மனைவியைக் கணவனின் உடைமைபோல வைத்திருந்த 497-வது பிரிவும் ரத்தானது.

சட்டம் படிக்கும் மாணவர்கள் ஒன்றைக் குறித்துக்கொள்ளலாம். அரசமைப்பின் 13-வது உறுப்பு, அரசமைப்புக்கு முன்பிருந்த சட்டங்கள் அடிப்படை உரிமைக்கு எங்கெல்லாம் முரண்படுகின்றனவோ அந்த அளவுக்குச் செல்லாது என்கிறது. இன்றைய நாடாளுமன்றம் இயற்றும் சட்டம் செல்லும் என்ற அனுமானத்தோடு நீதிமன்றம் விசாரணையைத் தொடங்கும். 1860-ல் அந்நிய ஆட்சி எழுதியதற்கு அந்த மரியாதை கிடையாது என்று நீதிபதி நாரிமன் இந்த வழக்கில் சொன்னார். 'அந்த அளவுக்கு' என்ற சொல்தான் இங்கே முக்கியம். 2018-ல் 377 முழுதாகச் சாகவில்லை. சம்மதமில்லாமல் செய்வது குற்றமாகவே தொடர்ந்தது.

தீர்ப்பு டெல்லியில் வந்துவிட்டது. நம் தெருவுக்கு வந்ததா என்பது வேறு கேள்வி. மதுரையைச் சேர்ந்த இரண்டு பெண்கள் சேர்ந்து வாழ்வதற்காகச் சென்னைக்குப் போனார்கள். பெற்றோர் காணவில்லை என்று புகார் கொடுத்தார்கள். போலீஸ் தேடி வந்தது. 2021 ஜூன் 7-ல் அந்த வழக்கில் உத்தரவிட்ட நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ், இந்த உறவைப் புரிந்துகொள்ளத் தாமே ஓர் உளவியலாளரிடம் போய் அமர்ந்து கேட்டதை வெளிப்படையாக எழுதினார். காவல் துறைக்குக் கட்டுப்பாடுகள் விதித்தார். 'குணப்படுத்துகிறோம்' என்று மருந்தும் மந்திரமும் கொடுப்பதைத் தடுத்தார். புதுச்சேரிக்கும் உயர் நீதிமன்றம் சென்னைதான். இரண்டு வயதுவந்தவர்கள் வீட்டைவிட்டுப் போனால் 'காணவில்லை' என்று புகார் கொடுத்துத் தேடிப் பிடிப்பது, சாதி மாறிய காதலர்கள் மீதும் எத்தனையோ முறை நடந்த வேலை. கருவி ஒன்று, ஆள்தான் வேறு.

இனி நம் பத்திக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்ட இடத்துக்கு வருகிறோம். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. அதில் 377 இல்லவே இல்லை. கொண்டாட வேண்டியதுதானே என்று தோன்றும். ஆனால் சம்மதமில்லாத உறவைத் தண்டித்த மீதிப் பாதியும் சேர்ந்து போய்விட்டது. புதிய சட்டத்திலும் பாலியல் வன்புணர்வு என்பது ஆண் ஒருவன் பெண்ணுக்குச் செய்வது மட்டுமே. வயதுவந்த ஆண் ஒருவரை அப்படிச் சிதைத்தால் அதற்கென்று ஒரு பிரிவு இல்லை. பதினெட்டு வயதுக்குக் கீழே இருந்தால் போக்சோ இருக்கிறது. மேலே போனால் வெற்றிடம். 2023 நவம்பரில் நாடாளுமன்ற நிலைக்குழு இந்த ஓட்டையைச் சுட்டி, சம்மதமில்லாத பகுதியை வைத்துக்கொள்ளச் சொன்னது. கேட்கவில்லை.

இது ஏன் நம் விஷயம்? சாதி வெறியில் ஒரு தலித் இளைஞனை அடிப்பவர்கள் பெரும்பாலும் அடியோடு நிற்பதில்லை. ஆடையை உருவுவார்கள், மீசையை மழிப்பார்கள், உடலைக் கேவலப்படுத்துவார்கள். அந்தக் கேவலம் பாலியல் வன்முறையாகும்போது, பழைய ஏற்பாட்டில் ஒரு வழி இருந்தது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(2)(v) பிரிவு, பத்து ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை பெறக்கூடிய குற்றத்தை, பாதிக்கப்பட்டவர் தலித் என்று தெரிந்தே செய்தால் ஆயுள் தண்டனை என்கிறது. 377 அந்தக் கணக்கில் வரக்கூடிய குற்றம். 2016 ஜனவரி 26-க்கு முன்பு 'தலித் என்பதாலேயே செய்தான்' என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. திருத்தம் வந்த பிறகு 'தெரிந்து செய்தான்' என்பது போதும். பல ஆண்டு போராடித் திருத்தி வாங்கிய கதவு அது. இப்போது கதவு இருக்கிறது, அதற்குப் போகிற படியில் ஒன்றைப் பெயர்த்துவிட்டார்கள்.

திருநங்கையின் நிலை இதைவிட மோசம். 2019-ல் இயற்றிய திருநர் பாதுகாப்புச் சட்டம், அவர்கள் மீதான பாலியல் கொடுமைக்கு ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறை என்று எழுதியது. ஒரு பெண்ணை வன்புணர்ந்தால் குறைந்தபட்சமே பத்து ஆண்டு. ஒரே கொடுமை, உடலுக்கு ஏற்ற விலை. தலித் திருநங்கை என்றால் அடி இரண்டு பக்கமும் விழும். இதையெல்லாம் எதிர்த்து உச்ச நீதிமன்றத்துக்குப் போனவர்களில் தூத்துக்குடியைச் சேர்ந்த தலித் திருநங்கைச் செயற்பாட்டாளர் கிரேஸ் பானுவும் ஒருவர். ஒவ்வொரு சாதிப் பிரிவுக்குள்ளும் திருநருக்குத் தனி இடம் வேண்டும் என்கிற கிடைமட்ட இட ஒதுக்கீட்டுக் கோரிக்கையை விடாமல் எழுப்புபவரும் அவரே.

புதிய சட்டத்தை எழுதியவர்கள் எவ்வளவு அவசரத்தில் இருந்தார்கள் என்பதற்கு ஒரு சான்று. 'இயற்கைக்கு மாறான இச்சை'க்காக ஒருவரைக் கடத்தினால் பத்து ஆண்டு வரை சிறை என்று 140(4) பிரிவு இன்றும் சொல்கிறது. அதே நோக்கத்தோடு தாக்க வருபவனைத் தற்காப்புக்காகக் கொன்றால்கூடக் குற்றமில்லை என்கிற 38-வது பிரிவும் அப்படியே இருக்கிறது. கடத்துவது குற்றம், தடுத்துக் கொல்லலாம், செய்து முடித்துவிட்டால் மட்டும் அதற்கென்று பிரிவு கிடையாது! 2024 ஆகஸ்டில் டெல்லி உயர் நீதிமன்றம் இது பற்றி விரைந்து முடிவெடுக்க ஒன்றிய அரசைக் கேட்டுக்கொண்டது. அக்டோபர் 14-ல் உச்ச நீதிமன்றம், புதிய குற்றத்தை உருவாக்கும்படி நாடாளுமன்றத்துக்கு நாங்கள் உத்தரவிட முடியாது என்று ஒரு மனுவைத் திருப்பியது. நீதிமன்றம் சொன்னதில் தப்பில்லை. அரசமைப்புக்கு முரணான பிரிவை வெட்ட அதற்கு அதிகாரம் உண்டு. இல்லாத பிரிவை எழுதும் வேலை எம்.பி.க்களுடையது. புதுச்சேரிக்கு மக்களவையில் ஒருவர், மாநிலங்களவையில் ஒருவர் இருக்கிறார்கள். இதைக் கேட்டு அவர்களுக்கு ஒரு மனு எழுதுவது நம் இளைஞர் மன்றங்களுக்குப் பெரிய வேலையில்லை.

படி மறுபடி போடப்படும் வரை, நடந்துவிட்ட கொடுமைக்கு இருக்கிற சட்டத்தை வைத்தே நாம் போராட வேண்டும். இப்படி ஒன்று நடந்து புகார் கொடுக்கப் போனால், "அந்தப் பிரிவே இப்போது இல்லையே, சாதாரண அடிதடிதான்" என்று சொல்லி அனுப்பப் பார்ப்பார்கள். அங்கேயே நின்று சொல்ல வேண்டியவை உண்டு. ஆளைத் தூக்கிக்கொண்டு போயிருந்தால் 140(4)-ஐ எழுதச் சொல்லலாம். அதைப் பிடித்து 3(2)(v) கேட்டு வாதாடவும் இடமிருக்கிறது. ஆடையை உருவியதும் மீசையை மழித்ததும் 3(1)(e)-ல் வரும்; இதில் ஆண், பெண் பேதமில்லை. பி.சி.ஆர். வழக்குப் பதிய முன்விசாரணை தேவையில்லை என்று 18A சொல்கிறது. அதை எதிர்த்துப் போன வழக்கிலும் 2020 பிப்ரவரி 10-ல் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவு செல்லும் என்றே சொல்லிவிட்டது.

எல்லை ஊர்க்காரர்களான நமக்கு இன்னொன்று. வேலை முடிந்து வானூர் பக்கத்துக் கிராமத்துக்குத் திரும்புகிறவருக்கு வரப்பின் அந்தப் பக்கம் ஒன்று நடக்கலாம். அங்கிருந்து இங்கே வருகிறவருக்கு இந்தப் பக்கம் நடக்கலாம். "இது எங்கள் லிமிட் இல்லை, தமிழ்நாட்டுக்குப் போங்கள்" என்று அலைக்கழிக்க முடியாது. புதிய நடைமுறைச் சட்டத்தின் 173-வது பிரிவுப்படி எந்த எல்லையில் நடந்த குற்றத்துக்கும் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் பதியலாம். பதிந்ததன் நகல் இலவசம். பட்டியல் சாதியினருக்கு வருமான வரம்பு பார்க்காமல் சட்டப் பணிகள் ஆணைக் குழுவில் இலவசமாக வழக்கறிஞர் கிடைப்பார். 1987-ம் ஆண்டுச் சட்டத்தின் 12-வது பிரிவைச் சொன்னால் போதும்.